இருண்ட தேவதைக் கதை நாவல்கள் சொல்லுங்களேன்

நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) முடித்துவிட்டு அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க அப்பாவுக்கு மனசு வராமல் வீடே பட்டினி கிடக்க, மகள் மிர்யெம் தானே கிளம்பிப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று வசூலிக்கிறாளே, அந்த இடத்திலேயே அவளை அவ்வளவு பிடித்துப்போனது. அப்புறம் வெள்ளியைப் பொன்னாக்கச் சொல்லி மிரட்டும் பனி அரசனிடமும் பேரம் பேசுகிறாள்!

கேத்தரின் ஆர்டனின் வாஸ்யா கதைகள் மூன்றும் படித்தாச்சு.

இதே மாதிரி காடும் குளிரும் பழைய நாட்டுப்புறக் கதைகளின் பயமும் வேண்டும், காதல் இருந்தால் சரி, ஆனால் நாயகியை யாரோ வந்து காப்பாற்றக் கூடாது, தன் முடிவுக்கான விலையை அவளே கொடுக்க வேண்டும். ஒரே புத்தகத்தில் முடிகிற கதையாக இருந்தால் ரொம்ப நல்லது. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.