தானே முளைக்கும் தோட்டச் செடிக்கு ஒரு சொல்: தான்முளை?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நமது தோட்டக்கலைச் சொற்பட்டியலில் இரண்டு இடங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. ஒன்று, விதையைத் தானே உதிர்த்து அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும் செடி. மற்றது, வெளியிலிருந்து வந்து மண்டி, அக்கம்பக்கத்துச் செடிகளை எல்லாம் அமுக்கிவிடும் செடி. இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று சில மடல்கள் வந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதை சிதறும். பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காய், நனைந்தால் வெடிக்கும். அந்திமந்தாரை, நித்யகல்யாணி, துளசி மூன்றும் தாய்ச்செடியின் அடியிலேயே நாற்றாக எழும். வேண்டிய இடத்தில் சிலவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கினால் போதும். காய் முற்றுமுன் கொய்துவிட்டால் அடுத்த பருவத்தில் நாற்றும் குறையும்.

தரையை மூடுவதற்காகப் பூங்காக்களில் நடும் சிங்கப்பூர் டெய்சியின் கதை வேறு. அது கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டிப் போட்ட துண்டும் ஈரம் பட்டால் தழைத்துவிடும், அதனால் வெட்டியதைக் குப்பைமேட்டில் கொட்டுவதே அதை நட்டுவைப்பது போலத்தான். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற பட்டியலில் உண்ணிச்செடியோடு அதுவும் இருக்கிறது. அந்த உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோயின. இன்று முதுமலையில் அது புதர்புதராக மண்டிக் கிடக்கிறது. துளசி நாற்றையும் இதையும் ஒரே சொல்லால் குறித்தால், நம் பட்டியலை நம்பித் தோட்டம் போடுகிறவர் எதைப் பிடுங்குவார், எதை விட்டுவைப்பார்?

> "வந்தேறிச் செடி" என்று இரண்டையும் சொல்லிவிடலாமே.

வேண்டாம் ஐயா. மனிதரை இழிவாகச் சொல்லப் பழகிப்போன சொல் அது, தாவரவியலுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. பொருளும் பொருந்தவில்லை. மிளகாய், தக்காளி, பப்பாளி, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நித்யகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல "அயல்" என்ற அடை போதும், அதில் பழியும் இல்லை.

> "உதிர்முளை" காதுக்கு இனிமையாக இருக்கிறது.

இனிமைதான் அம்மா. ஆனால் வினைத்தொகையாகப் பிரித்தால் "உதிர்கின்ற முளை" என்று ஆகிறது. இங்கே உதிர்வது விதை, முளை அல்ல. "தான்தோன்றி" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். "தான்தோன்றித்தனம்" என்று திட்டிப் பழகிவிட்டோம், அந்தக் கறை இந்தச் சொல்லிலும் ஒட்டும்.

வீட்டில் கேட்டால் "நாங்க வைக்கல, தானா முளைச்சது" என்பார்கள். அந்தப் பேச்சிலிருந்தே "தான்முளை" என்று எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. நாற்றுக்குத் தான்முளை, செடிக்குத் தான்முளைச் செடி, நிகழ்வுக்குத் தான்முளைப்பு. காற்றில் வந்ததா, காய் வெடித்துச் சிதறியதா, பறவை போட்டதா என்ற வேறுபாடு இந்தச் சொல்லுக்குத் தேவையில்லை.

இரண்டாவதற்கு "மண்டுகளை", அதாவது மண்டும் களை. புதர் மண்டியது, முள் மண்டியது என்று நாம் ஏற்கெனவே சொல்வதுதான்.

---

வணக்கம். தான்முளைக்கு என் ஆதரவு. மண்டுகளையில் ஒரு ஐயம். எங்கள் வயலில் கோரையைவிட மோசமாக எதுவும் மண்டுவதில்லை. மேலே பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு தங்கிவிடுகிறது. ஆனால் அதை அயல் செடி என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, சீமைக் கருவேலம் மரம். மரத்தைக் களை என்றால் உழவர் ஏற்பாரா?

---

முதல் ஐயம் மிகவும் சரியானது. கோரை அயல் அல்ல, ஆனால் மண்டுகளைதான். எனவே மண்டுகளை என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, பார்த்தீனியம், ஆகாயத்தாமரை, சிங்கப்பூர் டெய்சி போன்றவற்றுக்கு "அயல் மண்டுகளை" என்று அடை சேர்ப்போம். கோரையைக் கிழங்கோடு தோண்ட வேண்டும், பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். இந்தக் குறிப்புகளையும் அந்தந்தச் சொல்லின் கீழேயே சேர்க்கலாம்.

மரத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. சீமைக் கருவேலத்துக்கும் வனம் சார்ந்த எழுத்துக்கும் "ஆக்கிரமிப்புத் தாவரம்" ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை. மண்டுகளை தோட்டத்துக்கும் வயலுக்கும் மட்டும் இருக்கட்டும். தான்முளைக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். குறிப்பாக ஈழத்து நண்பர்களிடம் இதற்குப் பேச்சுவழக்கில் வேறு சொல் இருந்தால், பட்டியலில் ஏற்றும் முன் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.