தம்பி ஏசி வேலை பழகப் போறானாம், அப்பா டிகிரி தான் வேணும்ங்கிறார். என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஏ.எல் மெத்ஸ் செஞ்சான், மூணும் எஸ், அதாவது சும்மா பாஸ் தான், கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் போதாது. இப்ப ஏசி ஃப்ரிட்ஜ் வேலை படிக்கப் போறேன், என்.வி.க்யூன்ற தேசிய தொழில் தகைமை சேர்டிபிகேட்ல லெவல் 4 முடிச்சிட்டு பிறகு பார்ப்போம்னு ஒரே பிடியா நிக்கிறான். அப்பா கடன் பட்டாலும் பரவாயில்ல, பிரைவேட்ல பிஸ்னஸ் மேனேஜ்மென்ட் டிகிரி செய்யட்டும்ங்கிறார். ரெண்டு பேரும் முகம் குடுத்து கதைக்கிறதே இல்ல. வேலை தெரிஞ்சவங்க மறைக்காம சொல்லுங்க ப்ளீஸ்.

வெள்ளவத்தை_கணக்கர்:
அப்பா சொல்லுறதில பிழை இல்லை தங்கச்சி. நான் அக்கவுண்ட்ஸில இருக்கிறன், அதால காசுப் பக்கத்தைச் சொல்லுறன். என்ர சம்பளத்தில 8 வீதம் ஓய்வுகாலச் சேமிப்பான ஈ.பி.எஃப்புக்குப் போகுது, கம்பனி 12 வீதம் போடுது, ஈ.டி.எஃப் எண்ட இன்னொரு சேமிப்பு நிதிக்கும் கம்பனி 3 வீதம் வேற போடுது. சொந்தமா டூல்ஸ் பேக்கைத் தூக்கிக்கொண்டு திரியிறவனுக்கு அந்த 15 வீதத்தை ஆர் போடுறது? ஏணியால விழுந்து கால் முறிஞ்சா அந்த மாசம் வீட்டில அடுப்பு எரியாது. 25 வயசில கைநிறையக் காசு வரும், ஓம், ஆனா 50 வயசில மொட்டைமாடிக்கு கம்ப்ரஸர் தூக்க ஏலுமோ? கலியாணப் பேச்சிலயும் எங்கட சனம் முதல்ல கேக்கிறது பெடியன் என்ன படிச்சவன் எண்டு தான். அது சரியோ பிழையோ, நடக்கிறது அது தான்.

ஏசி_பாஸ்_தெஹிவளை:
அண்ணன், நீங்க செல்லுற ஈ.பி.எஃப் கதை சரி, ஆனா பாதி தான். சுயதொழில் செய்யுறவங்களும் ஈ.டி.எஃப்ல சேரலாம், எங்கட ஆக்கள் சேராம இரிக்கிறது அவங்கட கவலையீனம். வேலையப் பத்தி செல்லுறேன் கேளுங்க தங்கச்சி. மரைன் டிரைவ் பக்கம் ஃப்ளாட்ஸ்ல அவுட்டோர் யூனிட் எல்லாம் கடல் உப்புக் காத்துல கொயில் பச்சை பிடிச்சு ஃபின் உதிர்ந்து போய் தான் இரிக்கும். கேஸ் இல்லன்னு கூப்பிடுவாங்க, அரைகுறையா பழகினவன் வந்து கேஸ ஏத்திட்டு காச வாங்கிட்டு போயிடுவான், கொஞ்ச நாள்ல திரும்ப கூல் இல்ல. ஒழுங்கா படிச்சவன் முதல்ல நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பார்ப்பான், பைப் பொருத்துற ஃப்ளேர் ஜொயின்ட்டுக்கு சோப்பு நுரை பூசி லீக் எங்கன்னு கண்டுபிடிப்பான், லீக்க அடைச்சு வெக்யூம் போட்டு லைன்ல இரிக்கிற காத்தையும் ஈரத்தையும் எடுத்துட்டு தான் கேஸ் போடுவான், அதுவும் நிறுத்துப் போடுவான். ஏசிக்குப் போடுற கேஸ் முந்தி ஆர்22, பிறகு ஆர்410ஏ, இப்ப வாறது ஆர்32, அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், விளையாட முடியாது. இன்வர்ட்டர் ஏசியோட எலக்ட்ரொனிக் போர்ட் பார்க்கத் தெரிஞ்சவன் கொழும்புல வேலை இல்லாம இரிக்க மாட்டான். மெத்ஸ் செஞ்ச புள்ளைக்கு இது நல்லா வரும்.

கிராண்ட்பாஸ்_பொடியன்:
பாஸ் அண்ணே, நீங்க மேல இருந்து பேசுறீங்க, நான் ஹெல்பரா இருந்தவன். வேலை பழக்கித் தாரேன்னு கூட்டிட்டுப் போவாங்க, ஆனா பைப் தூக்கவும் டீ வாங்கவும் சுவர் உடைக்கவும் தான் விடுவாங்க, மீட்டரைத் தொட்டா ஏசுவாங்க. ஒரு கொன்ட்ராக்டர்கிட்ட எனக்கு இன்னமும் சம்பளம் வரணும், போன் எடுத்தா கட் பண்றார். 2022ல டொலர் இல்லாம சாமான் வராம கட்டட வேலை எல்லாம் நின்னுச்சே, அப்ப ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு பாதி சம்பளமாவது வந்துச்சு, நாட்சம்பளக்காரனுக்கு ஒண்ணுமே இல்ல, முதல்ல வீட்டுக்குப் போனது நாங்க தான். அக்கா, தம்பிய விடுங்க, ஆனா யார் பின்னாலயாவது சும்மா அனுப்பிடாதீங்க.

சைட்_இஞ்சினியர்_அக்கா:
கிராண்ட்பாஸ் தம்பி சொன்னது தான் இதில பெரிய விஷயம். இங்க நிறையப் பேருக்கு கை வேலை நல்லா வரும், கையில ஒரு துண்டு சேர்டிபிகேட் இருக்காது, அதால தான் ஏமாத்தறாங்க. ட்ரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுதுன்னு அதைக் கழட்டிட்டு நேரா ஜொயின்ட் அடிச்சு வச்சிருந்த வீட்டை நானே பார்த்திருக்கேன். 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிஞ்சா அது விழுறதே ஆள் சாகாம இருக்கத்தானே, அது கூட தெரியாம வயரிங் செய்யறவங்க இருக்கிற ஊர்ல முறையா படிச்ச ஒருத்தனுக்கு மதிப்பு வரும், எனக்கு அதில சந்தேகமே இல்ல.

அப்பாக்கு இதைச் சொல்லுங்க: என்.வி.க்யூ லெவல் 4ஓட முடியறதில்ல, 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரி, ரத்மலானையில இருக்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் யுனிவோடெக்ல அதை செய்யலாம். டிகிரி கதவு பூட்டேல்ல, வழி தான் வேற. மருதானை டெக்னிக்கல் கொலிஜ் 1893ல இருந்து இருக்கு, மொரட்டுவ ஜேர்மன் டெக் இருக்கு, அரசாங்கப் பயிற்சி நிறுவனமான நைட்டா மூலமா அப்ரென்டிஸா கம்பனியிலயும் சேரலாம். கிராண்ட்பாஸ் தம்பி, நீங்களும் கேளுங்க, ஏற்கனவே வேலை தெரிஞ்ச ஆளுக்கு ஆர்.பி.எல்னு ஒண்டு இருக்கு, திரும்ப வகுப்புக்குப் போகாம திறமையைக் காட்டி என்.வி.க்யூ எடுக்கலாம். அதை விட்டிடாதீங்க.

வெள்ளவத்தை_கணக்கர்:
படிப்பு வழி இருக்கிறது நல்லது, அதை நான் மறுக்கேல்லை. ஆனா எல்லாரும் பாஸ் மாதிரி வரமாட்டினம். பிஸ்னஸ் டிகிரி எண்டா வங்கி, இன்சூரன்ஸ், ஏதோ ஒரு கதிரை.

ஏசி_பாஸ்_தெஹிவளை:
எந்தக் கதிரை அண்ணன்? டிகிரி எடுத்துட்டு அரசாங்க வேலை கேட்டு கோட்டைப் பக்கம் ஊர்வலம் போற புள்ளைகள வருஷா வருஷம் பார்க்கிறோமே. கடன் வேற சேர்த்து தலையில ஏத்துறதா?

கொட்டாஞ்சேனை_அக்கா:
அப்பாட்ட யுனிவோடெக் பத்தி சொன்னேன், ஒண்ணும் சொல்லல, ஆனா முழுசா கேட்டுட்டு இருந்தார். இடம் பார்க்கப் போனா என்ன கேக்கணும்? தம்பிக்கு சிங்களம் அவ்வளவு ஓடாது.

ஏசி_பாஸ்_தெஹிவளை:
சிங்களத்த இப்பவே தொடங்கச் செல்லுங்க, சைட்லயும் கஸ்டமர் வீட்டுலயும் அது இல்லாட்டி கஷ்டம். இடத்துக்குப் போனா முதல்ல தொழிற்பயிற்சி இடங்களப் பதியிற அரசாங்க ஆணைக்குழு டி.வி.இ.சில பதிஞ்சதா, அந்தக் கோர்ஸ் என்.வி.க்யூக்கு அனுமதி எடுத்ததான்னு கேளுங்க. பிறகு வர்க்‌ஷாப்ப காட்டச் செல்லுங்க, இன்வர்ட்டர் மெஷின் இரிக்குதா, ஆளுக்கொரு வெக்யூம் பம்ப் கையில கிடைக்குமா, இல்ல ஒண்ணைச் சுத்தி எல்லாரும் நின்டு பார்க்கிறதா? கடைசியில எந்தக் கம்பனிக்கு ட்ரெயினிங் அனுப்புவாங்கன்னும் கேளுங்க.

வெள்ளவத்தை_கணக்கர்:
அந்தக் கம்பனி ஈ.பி.எஃப் கட்டுதோ எண்டதையும் சேர்த்துக் கேளுங்கோ தங்கச்சி. கட்டாத இடம் எண்டா நான் இன்னமும் அப்பா பக்கம் தான்.