தினமும் ஓட்டும் ரோட்டரி வண்டிக்கு எந்தக் கார்புரேட்டர்? 13பி ஸ்ட்ரீட் போர்ட், இப்போது 48 ஐடிஏ

கேள்வி (மெல்பர்ன்)

வணக்கம். என்னிடம் 1980 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வண்டியோடு வந்த 12ஏ ரோட்டரி இன்ஜினை முன்பு வைத்திருந்தவர் இறக்கிவிட்டு, பழைய நான்கு போர்ட் 13பி ரோட்டரி ஒன்றை ஸ்ட்ரீட் போர்ட் செய்து (காற்று நுழையும் வாசல்களைக் குடைந்து பெரிதாக்கி) ஏற்றியிருக்கிறார். மேலே ஒற்றை வெபர் 48 ஐடிஏ கார்புரேட்டர். இன்ஜின் மாற்றத்துக்கு இங்கே பொறியாளர் தரும் வாஸ் சான்றிதழ் கையில் இருக்கிறது.

டாண்டினாங்கிலிருந்து மோனாஷ் ஃப்ரீவே வழியாக நகரத்துக்கு வேலைக்குப் போவது இந்த வண்டியில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டி இல்லை.

3,500 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தால் குறையே சொல்ல முடியாது. நெரிசலில்தான் பாடு. 2,000-லிருந்து 2,800 வரை மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் திக்குகிறது, ஒரு நொடி செத்த மாதிரி இருந்துவிட்டு எகிறுகிறது. சூடான வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் பெட்ரோல் வாடை தூக்குகிறது, ஸ்டார்ட் ஆக வெகுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. பிளக்குகள் கரியாக இருக்கின்றன. 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடிக்கிறது.

மூன்று வழி யோசித்திருக்கிறேன். பக்கவாட்டில் படுக்கும் வெபர் 48 டிசிஓஇ, அல்லது நான்கு பேரல் ஹோலி, அல்லது 12ஏ-யோடு வந்து பெட்டியில் கிடக்கும் பழைய நிக்கி கார்புரேட்டர். எதை மாட்டலாம்?

பதில் (ஆக்லாந்து)

தம்பி, பணம் செலவழிக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது, கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு? வெபர் 3 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஊசி வால்வு பிடித்து நிறுத்தாது, பெட்ரோல் வழிந்து உள்ளே இறங்கும். நீங்கள் சொல்லும் சூட்டு ஸ்டார்ட் தகராறு அதே மாதிரிதான் தெரிகிறது.

இரண்டாவது, இன்ஜின் வேக்கத்தால் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பிரேக் பூஸ்டரின் குழாய் எங்கே மாட்டியிருக்கிறது, அதில் ஒருவழி வால்வு இருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். இன்ஜின் முன்பக்கத்தில் எண்ணெய் அளக்கும் பம்ப் ஒன்று இருந்திருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய்கள் கார்புரேட்டருக்குப் போகும். அது இருக்கிறதா?

கேட்டவர்

ஒரு கேஜ் வாங்கி மாட்டிப் பார்த்தேன். 6.5 பிஎஸ்ஐ காட்டுகிறது. மின்சார பம்ப் நேராகக் கார்புரேட்டருக்கு வருகிறது, நடுவில் ரெகுலேட்டரே இல்லை. பூஸ்டர் குழாய் மேனிஃபோல்டில் ஒரு ரோட்டரின் பாதையில் ஏறியிருக்கிறது, ஒருவழி வால்வு உண்டு.

எண்ணெய் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு போட்டு அடைத்திருக்கிறார்கள். அது ஏன் அண்ணா?

பதில் (ஆக்லாந்து)

பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்றுகிறீர்களா?

கேட்டவர்

இல்லை. அப்படி ஊற்ற வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் 4,000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன்.

பதில் (ஆக்லாந்து)

வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். கார்புரேட்டர் பேச்சு அப்புறம்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு சீல் இருக்கிறது. ஒவ்வொன்றும் உள்சுவரை உரசிக்கொண்டேதான் ஓடுகிறது. பிஸ்டன் இன்ஜினில் கீழேயிருந்து தெறிக்கும் எண்ணெய் சிலிண்டர் சுவரை நனைக்கும். இங்கே அது கிடையாது. அதனால்தான் மாஸ்டா கொஞ்சம் எண்ணெயை அளந்து கார்புரேட்டர் வழியாகக் காற்றோடு அனுப்புகிறது. ரோட்டரி எண்ணெய் குடிக்கும் என்று ஊரார் சொல்லும் குறை அந்த ஏற்பாட்டால் வருவது, பழுதால் இல்லை.

ஐடிஏ-வில் அந்தக் குழாய்களுக்கு இடம் இல்லை. எனவே பலரும் பம்பைக் கழற்றித் தகடு போட்டுவிட்டு, டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுவார்கள். அது நல்ல வழிதான், எண்ணெய் சுத்தமாக எரியும். ஆனால் வண்டி கை மாறும்போது அந்தச் செய்தியும் கை மாற வேண்டும்.

20 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. எஃப்டி தரம் எழுதிய புகை குறைந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும். முதலில் எண்ணெயை ஊற்றி, அதற்கு மேல் பெட்ரோல் அடியுங்கள், தானாகக் கலந்துவிடும். எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வேண்டாம், பழைய ரப்பர் பாகங்களுக்கு ஆகாது. 98 ஆக்டேனுக்குக் காசு கொட்டவும் வேண்டாம், டர்போ இல்லாத ரோட்டரிக்கு 91 போதும்.

அப்புறம் கம்ப்ரஷன் பாருங்கள். ரோட்டரிக்கென்று தனிக் கருவி உண்டு. அது கிடைக்காவிட்டால் சாதாரண கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு, கீழ் பிளக் துளையில் வைத்து இன்ஜினைச் சுற்றுங்கள். முள் மூன்று மூன்றாகத் துள்ளும். மூன்றும் ஒரே உயரமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் படுத்தால் பெரும்பாலும் பக்க சீல், இரண்டு படுத்தால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒரு முனை சீல் போய்விட்டது. இரண்டு ரோட்டரிலும் பாருங்கள்.

கேட்டவர்

நேற்று ரயிலில் போனேன். எண்ணெய் வாங்கிவிட்டேன். இன்று கம்ப்ரஷன் பார்த்தேன். இரண்டு ரோட்டரிலும் மூன்று துள்ளலும் சமம், பின்பக்கம் மட்டும் ஒரு மயிரிழை குறைவு. அழுத்தத்துக்கு ரெகுலேட்டர் போட்டு 3-க்கு இறக்கியாயிற்று.

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நன்றி அண்ணா.

பதில் (சிட்னி)

கம்ப்ரஷன் நன்றாக வந்ததில் மகிழ்ச்சி. இனி கார்புரேட்டருக்கு வருவோம். எதனால் திக்குகிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம்.

மாஸ்டா கொடுத்த ஏற்பாட்டைப் பாருங்கள். நான்கு போர்ட் இன்ஜினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு வாசல். நடுத் தகட்டில் ஒன்று, ஓரத் தகட்டில் ஒன்று. நிக்கியின் இரண்டு சிறிய பேரல்கள் நடு வாசல்களுக்கு மட்டும் ஊட்டும், இரண்டு பெரிய பேரல்கள் ஓர வாசல்களுக்கு. மெதுவாக ஓட்டும்போது சிறிய பேரல், சிறிய வாசல். காற்று விசையாகப் போகும், பெட்ரோலைப் பொடியாக்கிக் கூட்டிக்கொண்டு போகும். கால் வைத்து மிதித்தால்தான் பெரியது திறக்கும்.

ஐடிஏ-வில் ஒரு ரோட்டருக்கு ஒரே பேரல், 48 மில்லிமீட்டர் அகலம், இரண்டு வாசலுக்கும் அதே ஒன்றுதான். பந்தயத்துக்குப் பிறந்த கார்புரேட்டர் அது. அங்கே பெடல் ஒன்று முழுக்கக் கீழே இருக்கும், இல்லையென்றால் மேலே. நெரிசலில் பட்டாம்பூச்சி வால்வு ஒரு இழைதான் திறந்திருக்கும். அந்த அகலத்தில் காற்று சோம்பி நகரும், மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கப் பலம் இருக்காது. ஐட்லிங்கிலிருந்து மெயின் ஜெட்டுக்குப் போகும் இடைவெளியை நிரப்பச் சுவரில் சிறு துளைகள் உண்டு, ஆனால் ஐடிஏ-வில் அவை குறைவு. உங்கள் 2,000-க்கும் 2,800-க்கும் இடைப்பட்ட பள்ளம் அதுதான்.

இதற்கென்று மூன்றாவது துளை போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். உள்ளே வென்ச்சுரி (காற்றுப் பாதையின் குறுகிய கழுத்து) 42 இருந்தால் 37 போட்டாலும் கீழே உயிர் வரும், மேலே கொஞ்சம் போகும். ஆனால் குளிரில் ஸ்டார்ட் செய்ய ஐடிஏ-வில் சோக் கிடையாது. ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸுக்கு ஒழுங்கான இடமும் இல்லை. அது இல்லாமல் ஒரே வேகத்தில் போனால் பெட்ரோல் வீண்.

நிக்கி உங்களுக்கு நேராக உட்காராது. 12ஏ-வின் ரோட்டர் அகலம் 70 மில்லிமீட்டர், 13பி-யில் 80. எனவே ஓர வாசல்கள் தள்ளிப் போயிருக்கும், 12ஏ மேனிஃபோல்டு பொருந்தாது. 13பி நான்கு போர்ட்டுக்கான மேனிஃபோல்டு கிடைத்தால் பேசலாம்.

48 டிசிஓஇ ஐடிஏ-வைவிட வீட்டுப் பிள்ளை. இடைத் துளைகள் கூடுதல், சோக் உண்டு. ஆனால் அதிலும் ஒரு பேரலுக்கு ஒரு ரோட்டர் என்பது மாறாது.

நான் ஹோலிதான் சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோட்டரியில் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் முழு 1,308 சிசி காற்று உள்ளே போகும். பிஸ்டன் இன்ஜினுக்கு அதற்கு இரண்டு சுற்று வேண்டும். 7,000 ஆர்பிஎம்முக்கு 1.308 லிட்டர் வீதம் பெருக்கினால் நிமிடத்துக்கு 9,156 லிட்டர். கன அடிக்கு 28.3 லிட்டர், அப்படியென்றால் 323 சிஎஃப்எம். 465 ஹோலி தாராளம். 600, 650 என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள், மறுபடி இதே பள்ளத்தில் விழுவீர்கள். பின் பேரல்கள் வேக்கத்தில் திறக்கும் வகையாகப் பாருங்கள், இன்ஜின் கேட்டால்தான் அவை திறக்கும்.

பதில் (பெர்த்)

ஏன் இன்னும் கார்புரேட்டர்? த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் போட்டுவிட்டால் சோக், ஜெட் எதுவும் வேண்டாம். நான் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

கேட்டவர்

ஆசைதான். பம்ப், கம்ப்யூட்டர், டியூனிங் என்று போனால் என் பட்ஜெட் தாங்காது. ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறேன்.

சிட்னி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. ஒரு ரோட்டருக்கு ஒரு பேரல் என்றால்தான் பிக்கப் துடிப்பாக இருக்கும் என்கிறார்கள். ஹோலியில் அது போய்விடுமா?

பதில் (சிட்னி)

கொஞ்சம் போகும், மறைக்க மாட்டேன். ஹோலி மேனிஃபோல்டில் இரண்டு ரோட்டரும் ஒரே அறையிலிருந்து மூச்சு வாங்குவதால் பெடலைத் தட்டியதும் வரும் அந்தக் குத்து மழுங்கும். ஐடிஏ-வின் சத்தமும் வராது. பதிலுக்கு அதே அறைதான் வேக்கத்தைச் சமப்படுத்தும். பூஸ்டருக்கு ஒரே ரோட்டரை நம்ப வேண்டியதில்லை. மழை நாளில் ஃப்ரீவேயில் முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால் எனக்கு வேண்டியது அதுதான்.

மாட்டுவதற்கு முன் உங்கள் வாஸ் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சான்றிதழில் ஐடிஏ என்று எழுதியிருந்தால் திருத்த வேண்டியிருக்கும். ஹோலிக்கு அழுத்தம் 5-க்கும் 6-க்கும் நடுவில் வேண்டும், ரெகுலேட்டரை மறக்காமல் ஏற்றுங்கள். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் ஒன்று வாங்கிவிடுங்கள். அது காட்டும் காற்று-பெட்ரோல் விகிதம் ஒரே வேகத்தில் 13.5 - 14, முழு மிதியில் 12.5 பக்கம் இருக்கட்டும்; எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று பொருள். காது வைத்து டியூன் செய்வது எனக்கும் பிடிக்கும், ஆனால் பெட்ரோல் குறைந்து வெடிப்புத் தட்டினால் முனை சீல் உடைய ஒரே ஒரு மிதி போதும்.

கேட்டவர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் ஐடிஏ-விலேயே, அழுத்தத்தை மட்டும் 3-ல் வைத்து ஓட்டினேன். சூட்டு ஸ்டார்ட் தகராறு அன்றைக்கே தீர்ந்தது. பிளக் பழுப்பாக மாறியது. 18 லிட்டர் 16 ஆனது. பள்ளம் மட்டும் அப்படியே.

பிறகு பழைய 465 ஹோலியும் மேனிஃபோல்டும் கிடைத்தன. பிரித்துக் கழுவி, கிட் போட்டு மாட்டினேன். முதலில் முழு மிதியில் 13.6 காட்டியது, பயந்து காலை எடுத்துவிட்டேன். பின் பேரலின் ஜெட் தகட்டை அடுத்த அளவுக்கு மாற்றியதும் 12.6-க்கு வந்தது. இப்போது மோனாஷில் இரண்டாவது கியரில் ஊர்ந்தாலும் திக்கல் இல்லை. சென்ற வாரக் கணக்கு 14.5 லிட்டர்.

ஒன்று பாக்கி. ரவுண்டானாவுக்கு முன்னால் அழுத்திப் பிரேக் பிடித்தால் ஐட்லிங் தொய்ந்து, இரண்டு தடவை நின்றேவிட்டது.

பதில் (ஆக்லாந்து)

வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். அப்போதும் தொய்ந்தால் பூஸ்டரில் அல்லது குழாயில் காற்று கசிகிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். ஓடும்போது மட்டும் என்றால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தில் அலை அடித்து, காற்றுக் குழாய் வழியாக உள்ளே கொட்டுகிறது. ஃப்ளோட் மட்டத்தை, அதாவது அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரத்தை, கொஞ்சம் இறக்குங்கள். சமதரையில் இன்ஜின் ஓடும்போது கிண்ணத்தின் பக்கத்துத் திருகைக் கழற்றினால் துளையின் அடி விளிம்பை பெட்ரோல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது, துணி பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

கேட்டவர்

நின்று மிதித்தபோது ஆர்பிஎம் முள் அசையவில்லை. திருகைக் கழற்றியதும் பெட்ரோல் வழிந்து வந்தது. மட்டத்தை இறக்கினேன். இன்று காலை அதே ரவுண்டானாவில் வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை.

பெட்ரோல் மூடியின் உள்பக்கம் '20 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். நாளைக்கு இதை யார் ஓட்டினாலும் கண்ணில் படட்டும்.