சண்டர்லாந்து ரசிகர் குழுவில் பிரெக்ஸிட் சண்டை: ஷாக்கா வேறு, நான் வேறா?

வியர்கரை நர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். சண்டர்லாந்தில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு கேர் ஹோமில் நர்ஸாக இருக்கிறேன். வந்த முதல் குளிர்காலத்திலேயே கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சண்டர்லாந்து கால்பந்து அணியின் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து இந்த அணிதான் எனக்கு. 2025 மே மாதம் வெம்ப்லியில் டாம் வாட்சன் ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த கோலால் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பினோம் இல்லையா, அப்போது எங்கள் ஹாலில் வாக்கர் பிடித்து நடக்கும் தாத்தா ஒருவர் அந்த வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் கோலைப் பார்ப்பதா, அவரைப் பிடிப்பதா!

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ரசிகர்கள் குழு ஒன்றில் இருக்கிறேன். அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஹோட்டல்களைப் பற்றி ஒருவர் பதிவு போட, பேச்சு பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதற்குப் போய்விட்டது. “2016இல் இதைத் தடுக்கத்தான் வாக்களித்தோம், ஏமாற்றிவிட்டார்கள்” என்றார்கள். நம் கேப்டன் ஷாக்காவின் குடும்பம் கொசோவோவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது, பயிற்சியாளர் லெ பிரி பிரான்ஸ்காரர், இவர்கள் இல்லாமல் நாம் ஏது என்று எழுதினேன். “அவர்கள் திறமையால் வந்தவர்கள்” என்று பதில் வந்தது. அதற்கு அடுத்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை: “உன்னைச் சொல்லவில்லை தம்பி, நீ எங்கள் அம்மாக்களைப் பார்த்துக்கொள்கிறாய்.”

2024 ஆகஸ்ட் 2, இந்த ஊரில் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் நடந்த இரவு. மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தையே கொளுத்தினார்கள். அந்த நாட்களில் ஷிப்ட் முடித்த எங்களை மேலாளரே தன் காரில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அவரும் பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தவர், மறைக்காமல் சொல்வார். அதனால் ‘எல்லோரும் இனவெறியர்கள்’ என்று என்னால் எழுத முடியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்க முடியவில்லை. குழுவை விட்டு விலகுவதா? பேசுவதென்றால் எதைப் பேசுவது?

ஹாரோ கன்னர்

தம்பி, விலக வேண்டாம். நான் 80களின் கடைசியில் அகதியாக வந்தவன், ஆர்சனல் ரசிகன். ஷாக்கா ஏழு வருசம் எங்களிடம் விளையாடியவர். அவருடைய தகப்பன் யூகோஸ்லாவியாவில் அரசுக்கு எதிரான ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகச் சிறையில் இருந்தவர். எங்கட சனத்துக்கு அந்தக் கதை விளங்கும்.

ஆனால் அந்தக் குழுவில் கதைக்கும்போது ஷாக்காவை முன்னுக்கு வைக்காதீர்கள். நல்லாய் விளையாடுகிறவன் இருக்கலாம் என்றால், பந்தைத் தவறவிடும் நாளில் அவன் போக வேண்டும் என்று ஆகிவிடும். 2021 ஜூலை 11 யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்குப் பெனால்டி தவறிய ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, புகாயோ சாக்கா என்ற மூன்று கறுப்பின வீரர்களுக்கும் அந்த இரவே எப்படி இனவெறித் திட்டு வந்தது என்று பார்த்தோம்தானே. மூவரும் இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகள்.

‘திறமை’ என்று அவர்கள் சொல்வதையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2020 முடியும் வரை ஐரோப்பிய ஒன்றிய வீரனுக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. 2021 ஜனவரியிலிருந்து எல்லா வெளிநாட்டு வீரனுக்கும் இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் ஒப்புதல் வேண்டும், அதற்கு 15 புள்ளி. தேசிய அணியில் எத்தனை ஆட்டம், எந்த லீக், எவ்வளவு நேரம் களத்தில் நின்றான் என்று கூட்டிப் பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டில் இருந்து யாரையும் எடுக்க முடியாது. 2003இல் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவில் இருந்து எங்களிடம் வந்தபோது வயது 16. இன்றைக்கு அப்படி ஒரு பொடியனை இங்கே கொண்டுவர வழியில்லை.

இதில் பெரிய கழகங்களுக்கு என்ன நட்டம்? 18 ஆனதும் கூடக் காசு கொடுத்து வாங்குவார்கள். பெயர் தெரியாத பொடியனைப் பார்த்து, மலிவாய் எடுத்து, வளர்த்து விற்கிற கழகத்துக்குத்தான் அடி. 2023இல் விதியைத் தளர்த்தி, புள்ளி போதாத வீரர்களுக்கு என்று முதல் இரண்டு பிரிவுக் கழகங்களுக்கு நான்கு இடம் வரை, கீழ் இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு இடம் வரை கொடுத்தார்கள். இறுக்கிக் கட்டிய கயிற்றைக் கட்டினவர்களே தளர்த்த வேண்டி வந்தது. குடிவரவிலும் அதுதான் நடந்தது: ஐரோப்பாக்காரர் வருவது குறைந்தது, பராமரிப்பு வேலைக்கு ஆள் இல்லை, 2022இல் அதற்கு விசா திறந்தார்கள். 2023 ஜூனோடு முடிந்த ஆண்டில் நிகரக் குடிவரவு (வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது) 9 லட்சத்தைத் தாண்டியது. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய கோபம் உங்களிடம் வர வேண்டியதில்லை.

லெஸ்டர் நரி

நான் ‘வெளியேறு’ என்றுதான் வாக்களித்தேன். இந்திய பாஸ்போர்ட்டோடு வாக்களித்தேன். காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்த உரிமை இருந்தது. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரருக்கு இல்லை. அது சரியில்லை என்று அன்றே சொன்னேன்.

ஏன் வாக்களித்தேன்? 2012இலிருந்து மனைவியை அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கல்யாண ஃபோட்டோ என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். ருமேனியாவிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி மனைவியோடு வந்தார். எல்லோருக்கும் ஒரே வரிசை இருக்கட்டும் என்று கேட்பது வெறுப்பு ஆகாது.

கால்பந்திலும் இதே கதைதான். 2009இல் இந்திய வீரர் சுனில் சேத்ரியை லண்டன் கழகமான கியூ.பி.ஆர். ஒப்பந்தம் செய்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று அனுமதி மறுத்தார்கள். அதே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மூன்றாம் பிரிவு வீரர்கூட பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேரலாம். இதைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

ஆனால் எங்கள் லெஸ்டர் அணி 2016இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றது பிரான்ஸிலிருந்து வந்த மாரெஸும் கான்டேயும் இருந்ததால்தான், அதையும் மறக்கவில்லை. நர்ஸ் தம்பி, அந்தக் குழுவில் என்னைப் போல் நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஹாரோ கன்னர்

நரி அண்ணா, அந்தக் காகிதக் கட்டை நானும் சுமந்தவன், வலி விளங்குது. ஆனால் ஒரே வரிசை வந்ததா? அந்த 18,600 இப்போது 29,000. சேத்ரி போன்றவருக்கு இன்றைக்கும் அந்த 15 புள்ளி கிடைப்பது கஷ்டம். தேசிய அணியின் தரவரிசையும் லீகின் தரமும்தானே இன்னமும் புள்ளி தருது. உங்களுக்கு முன்னால் நின்றவர்களைத்தான் பின்னால் தள்ளினார்கள். உங்களை ஓர் அடிகூட முன்னே விடவில்லை.

லெஸ்டர் நரி

29,000 ஆக்கியது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதைச் செய்தது இங்கே நாம் தேர்ந்தெடுத்த அரசு, அதை நாமே தோற்கடிக்கவும் முடிந்தது. அதற்காகத்தான் அன்று வாக்களித்தேன். மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஓக்வெல் அம்மா

நாங்கள் பார்ன்ஸ்லியில் இருக்கிறோம். 100க்கு 68 பேர் வெளியேற வாக்களித்த ஊர். 2023இல் எங்கள் அணியில் விமல் யோகநாதன் முதல்முறை களமிறங்கினார். வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை. என் மகனுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ‘யோகநாதன்’ என்பதை எப்படிச் சொல்வது என்று அவனிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார்.

அந்தப் பெரியவர் எப்படி வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. நர்ஸ் தம்பி, குழுவில் நூறு பேர் படிக்கிற இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள். அங்கே ஒரு முறை தெளிவாக எழுதிவிட்டு நிறுத்துங்கள். மீதியை மேட்ச் நாளில் நேரில் பேசுங்கள். மிரட்டலோ கெட்ட வார்த்தையோ வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அட்மினுக்கும் கிளப்புக்கும் அனுப்புங்கள், வாதாடாதீர்கள். அதைச் சகித்துக்கொள்வது உங்கள் வேலை இல்லை.

வியர்கரை நர்ஸ்

எல்லோருக்கும் நன்றி. நரி அண்ணா, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் என் மேலாளரிடம் உட்கார்ந்து பேசினேன். மான்க்வெயர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தில் அவருடைய அப்பா வேலை பார்த்தாராம். அது 1993இல் மூடப்பட்டது, அந்த இடத்தில்தான் இன்று ஸ்டேடியம் ஆஃப் லைட் நிற்கிறது. கப்பல் கட்டும் தளங்கள் அதற்கும் முன்னால், 1988இலேயே போய்விட்டன. “எங்களிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை, 2016இல்தான் கேட்டார்கள்” என்றார். இந்த ஊரில் 61 சதவீதம் ஏன் வெளியேறச் சொன்னார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தை மூடியது வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லையே என்று கேட்டேன். “இல்லைதான்” என்றார்.

குழுவில் நேற்று இரவு எழுதியது இதுதான்: “என்னைச் சொல்லவில்லை என்கிறீர்கள். ஆனால் புதிதாக வரும் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று 2024 மார்ச்சில் சட்டம் வந்தது. அரசு தன் திட்டத்தைச் சொன்ன 2025 மே மாத வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகத் தங்க 5 ஆண்டு போதாது, 10 ஆண்டு வேண்டும் என்கிறது. சட்டம் ‘உன்னைச் சொல்லவில்லை’ என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. உங்கள் அம்மாவைக் காலையில் எழுப்பி மாத்திரை கொடுக்கும் பெண்ணின் மகள் வேறு நாட்டில் வளர்கிறாள். இது சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள்.”

இரண்டு பேர் திட்டினார்கள். அட்மின் ஒருவரை நீக்கினார். “உன்னைச் சொல்லவில்லை” என்று எழுதியவர் இன்னும் குழுவில் பதில் போடவில்லை. தனிச் செய்தி அனுப்பினார், சனிக்கிழமை மைதானத்தின் ரோக்கர் எண்ட் பகுதியில் தன் பக்கத்து இருக்கை காலி, வருகிறாயா என்று. ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.