முதலாளி பணம்: முதலா, கடனா?

செக்காலை சுப்பு
கோடீஸ்வரர்கள் வந்து கால்பந்தைக் கெடுத்துட்டாங்கங்கிற பாட்டை நான் ஒத்துக்கலை. இங்கிலாந்தோட பிளாக்பர்ன் ரோவர்ஸைப் பாருங்க. 1991-ல் உள்ளூர் எஃகு வியாபாரி ஜாக் வாக்கர் கைக்கு வந்தப்ப அது இரண்டாம் டிவிஷன் கிளப். மைதானத்தோட மூணு பக்கத்தை இடிச்சுக் கட்டினார், 1992-ல் முன்கள ஆட்டக்காரர் ஷியரரை வாங்கினார், 1995-ல் அங்கே முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் சாம்பியன். அவர் காசு இல்லாம இது நடந்திருக்குமா?

தேவகோட்டை வள்ளி
மீதிக் கதையை யார் சொல்றது அண்ணே? அதே கிளப்பை 2010 நவம்பரில் புனே வெங்கீஸ் கோழி கம்பெனி 2.3 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. அடுத்த மாசமே மேனேஜர் சாம் அலர்டைஸை அனுப்பிட்டாங்க. 2012-ல் பிரீமியர் லீக்கை விட்டு இறக்கம், 2017-ல் மூணாம் அடுக்கு. பணம் போடலைன்னு சொல்லலை, போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா 2023-ல் அந்தக் கம்பெனிமேல இந்தியாவுல நடந்த விசாரணையால, டில்லி உயர் நீதிமன்றத்துல அனுமதி வாங்கித்தான் கிளப்புக்குப் பணம் அனுப்ப முடிஞ்சுது. ஒரே பையை நம்பின கிளப்புக்கு வாய்தா தேதிதான் சம்பளத் தேதி!

கோட்டையூர் கணக்கு
ரெண்டு பேரும் ஆளைப் பாக்குறீங்க, ஐந்தொகையைப் பாருங்க. கிளேசர் குடும்பம் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. பாதிக்கு மேல கடன். அதுவரை கடனே இல்லாத கிளப் அதுக்கு வட்டி கட்ட ஆரம்பிச்சுது. தாய் நிறுவனத்தின் பேரில் இருந்த ஒரு பகுதிக்கு 14.25 சதவீதம், கட்டாத வட்டி முதலோட ஏறும். லேவாதேவி செஞ்ச ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செல்சி வேற மாதிரி. அதன் ரஷ்ய முதலாளி அப்ரமோவிச் கொடுத்தது வட்டியில்லாக் கடன், 150 கோடி பவுண்டுக்கும் மேல. கேக்க இனிமையா இருக்கும். 2022 மார்ச்சில் அவர்மேல பிரிட்டன் அரசோட தடை வந்ததும் புது டிக்கெட் விற்கக் கூடாது, ஆள் வாங்கக் கூடாது, வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவு 20,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. விதிச்சது அவர்மேல, அனுபவிச்சது கிளப்.

செக்காலை சுப்பு
சரி, முதலாளி காசைக் கட்டுப்படுத்த கிளப் நஷ்டத்துக்கு எல்லை வெச்சு விதி போட்டு என்ன ஆச்சு? நியூகாஸிலை 2021-ல் சவுதி நிதியம் வாங்குச்சு. காசுக்குப் பஞ்சமில்லை. ஆனா 2024 ஜூனில் எலியட் ஆண்டர்சனை விற்க வேண்டியதாப் போச்சு. சொந்த அகாதமியில் (இளைஞர் பயிற்சிப் பள்ளி) வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு, அதாவது வாங்கின விலையில் இன்னும் கழிக்காத மீதி, பூஜ்யம், வித்த தொகை முழுக்க அந்த வருஷ லாபம். ஆக விதி தண்டிச்சது ஊர்ப் பையனை. பழைய பெரிய கிளப்புகளுக்கு அது நல்ல வேலி.

கோட்டையூர் கணக்கு
வேலிங்கிறதுல பாதி உண்மை. பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை மூணு வருஷ நஷ்டத்துக்கு எல்லை 10.5 கோடி பவுண்டு. அதில் 1.5 கோடிக்கு மேல போறதை முதலாளி பங்கு முதலாப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்துச்சு, திருப்பிக் கேக்குற கடன் செல்லலை. மைதானம், அகாதமி, பெண்கள் அணிச் செலவு கணக்கில் வரலை. வாக்கர் மாதிரி கட்டடம் கட்ட இன்னைக்கும் யாரும் தடுக்கலை.

ஓட்டை வேற இடத்துல இருந்துச்சு. 2023 ஜனவரியில் செல்சி என்ஸோ பெர்னாண்டஸை 10.7 கோடிக்கு எட்டரை வருஷ ஒப்பந்தத்துல எடுத்தாங்க. விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரிச்சு எழுதுறதால வருஷச் செலவு 1.26 கோடிதான். அஞ்சு வருஷம்னா 2.14 கோடி. அப்புறம்தான் அஞ்சு வருஷத்துக்கு மேல பரப்பக் கூடாதுன்னு விதி வந்துச்சு. நீளமாப் பரப்பினா, ஆட்டக்காரர் சோடை போனாலும் புத்தக மதிப்பு சீக்கிரம் இறங்காது. குறைச்சு வித்தா நஷ்டம், வெச்சிருந்தா சம்பளம்.

தேவகோட்டை வள்ளி
ஜெர்மனி மாதிரி 50 சதவீதமும் ஒரு ஓட்டும் உறுப்பினர் கையில் இருக்கட்டுமே?

செக்காலை சுப்பு
ஆச்சி, அங்கே 2013-லேருந்து 2023 வரை சாம்பியன் பேயர்ன் மியூனிக்தான். அதை 2024-ல் உடைச்ச லெவர்குசன் யாரு? விதிவிலக்கு வாங்கின, பேயர் மருந்து கம்பெனியோட கிளப்.

தேவகோட்டை வள்ளி
பட்டம் மட்டுமா கணக்கு? 1885-ல் தொடங்கின பெரி கிளப்பை 2018 கடைசியில் ஒருத்தர் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேத்திட்டாங்க. மைதானம் ஏற்கனவே அடமானத்துல.

கோட்டையூர் கணக்கு
அதனாலதான் புது முதலாளி வந்தா முதல்ல மைதானம் யார் பேர்லன்னு பாக்கச் சொல்றேன். இங்கிலாந்து கம்பெனிப் பதிவகத் தளத்துல அடமானப் பட்டியல் இலவசமாவே கிடைக்கும். டெர்பி கவுன்டி மைதானத்தை முதலாளியே தன் இன்னொரு கம்பெனிக்கு வித்து லாபம் காட்டினார். 2021-ல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போச்சு, அந்த சீசன்ல மொத்தம் 21 புள்ளி வெட்டு.

செக்காலை சுப்பு
பார்க்கலாம், யார் வேண்டான்னா? ஆனா அந்த டெர்பியைக் கடைசியில் மீட்டதும் ஒரு உள்ளூர்ப் பணக்காரர்தான், அதையும் எழுதுங்க.