இரும்புக் குப்பைக்குள் நாணயம்: மெட்டல் டிடெக்டரின் அமைப்புகளை மாற்றிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

சஃபோக்கிலிருந்து

நான் அனுமதி பெற்றுப் பழங்காசு தேடும் வயல்களில் ஒன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், இப்ஸ்விச்சுக்கு வடக்கே இருக்கிறது. தம் பாட்டனார் காலம்வரை அதன் மேற்கு மூலையில் ஒரு கொல்லன் பட்டறை இருந்ததாக வயலின் உரிமையாளர் சொன்னார். இன்று அங்கே ஒரு செங்கல்கூட வெளியே தெரியாது. ஆனால் பட்டறை மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கிறது என்பது டிடெக்டரை இயக்கிய முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. லாட ஆணிகள், சங்கிலிக் கண்ணிகள், கலப்பைக் கொழுவின் துண்டுகள், பெயர் தெரியாத துருக்கட்டிகள் என்று ஓரடி எடுத்து வைப்பதற்குள் கருவி பத்து முறை உறுமியது.

என்னிடம் இருப்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. அதன் திரையில் தோன்றும், உலோகத்தின் வகையைக் குறிக்கும் எண் மைனஸ் 9 முதல் 40 வரை போகும். பூச்சியமும் அதற்குக் கீழுள்ளவையும் இரும்புக்கு உரியவை. அந்த உறுமலைப் பொறுக்க முடியாமல், 5க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் மௌனமாக்கிவிட்டு, ரிக்கவரி ஸ்பீடை (ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குக் கருவி தயாராகும் வேகத்தை) 4இல் வைத்து, கூடுதல் ஆழம் கிடைக்கும் என்ற ஆசையில் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) 23க்கு ஏற்றிக்கொண்டு, நான்கு வார இறுதிகள் தேடினேன். காதுக்கு இதமாகத்தான் இருந்தது. வேலியோரமாகச் சில பித்தளைப் பொத்தான்களும், ஓர் ஈயக் குண்டும், ஜார்ஜ் மன்னர்கள் காலத்துத் தேய்ந்த செப்பு அரைப் பென்னிகள் இரண்டும் கிடைத்தன. பட்டறை மூலையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமே இல்லாமைதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. குதிரைக்கு லாடம் அடிக்க வந்தவர்கள் கையில் காசோடு காத்து நின்ற இடம் அது. ஆள் நடமாட்டம் குறைந்த வேலியோரத்தில் காசு விழுந்திருக்க, பட்டறை வாசலில் மட்டும் ஒருவரும் ஒரு காசைக்கூடத் தவறவிடவில்லை என்றால் நம்ப முடியுமா? கையேட்டை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. இரும்பை மௌனமாக்கும்போது கருவி அந்த இரும்பை மண்ணிலிருந்து அகற்றிவிடுவதில்லை. இரும்பு எதிர்ப்படும் கணத்தில் ஒலியை அடைக்கிறது, அவ்வளவுதான். அந்த அடைப்பு நீங்குவதற்குள் பக்கத்தில் கிடக்கும் நாணயத்தை, மண்மேல் நாம் வீசும் கம்பிச் சுருள் தாண்டிப் போய்விடுகிறது. 11 அங்குலச் சுருளுக்கு அடியில் ஒரே நேரத்தில் நான்கைந்து ஆணிகள் இருந்தால், அடைப்பு நீங்குவதற்கு இடைவெளியே கிடையாது. நான்கு வாரங்களாக நான் காதைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம், லாடத்தின் படம் போட்ட பொத்தானை அழுத்தி எல்லா உலோகங்களும் ஒலிக்கும்படி செய்தேன். கொல்லன் பட்டறைக்குப் பொருத்தமான பொத்தான்தான். ஆனால் அப்படியே விட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும் என்பதால், இரும்புக்கான ஒலியளவை மட்டும் 4க்குக் குறைத்தேன். மற்ற உலோகங்களின் ஒலியளவைத் தொடவில்லை. எனக்கு மிகவும் உதவியது இந்த ஒரு மாற்றம்தான் என்று சொல்வேன். இரும்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் அது மற்றொன்றின் குரலை அமுக்காது. பறையொலிக்கு நடுவே ஒரே ஒரு முறை தட்டிய ஜால்ரா கேட்பதைப் போல, வேறு உலோகம் வரும்போது சட்டென்று தனித்துத் தெரிகிறது.

அதோடு ரிக்கவரி ஸ்பீடை 7க்கு உயர்த்தினேன். ஒரு பொருளுக்குப் பதில் சொல்லி முடித்து அடுத்த பொருளுக்குக் கருவி எவ்வளவு விரைவில் தயாராகிறது என்பதைத்தான் அது குறிக்கிறது. உயர்த்தினால் ஆழம் சற்றுக் குறையும், நெருங்கிக் கிடப்பவை பிரிந்து கேட்கும். சென்சிட்டிவிட்டியை 17க்கு இறக்குவதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அதை ஏற்றி வைத்திருந்தபோது ஆழத்தில் கிடந்த ஆணிகளும் சேர்ந்து குரல் கொடுத்தனவே தவிர, ஆழத்தில் கிடந்த காசு ஒன்றும் குரல் கொடுக்கவில்லை. சந்தேகமான குரலை இரும்பின் பக்கம் தள்ளும் அமைப்பான அயர்ன் பயாஸைப் பூச்சியத்தில் வைத்தேன். 11 அங்குலச் சுருளைக் கழற்றிவிட்டு 6 அங்குலச் சுருளை மாட்டினேன்.

இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சிறு கீச்சொலி கேட்டது. வடக்கிலிருந்து தெற்காக வீசினால் வரும். குறுக்கே வீசினால் உறுமலில் கரைந்துவிடும். எண் 17க்கும் 20க்கும் நடுவே நிலைகொள்ளாமல் தாவியது. முன்பாக இருந்தால் அது இரும்பின் பொய்க்குரல் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஐந்து அங்குல ஆழத்தில் முதலில் ஒரு தடித்த ஆணி வந்தது. அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கையால் அடித்த மெல்லிய வெள்ளிப் பென்னி ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் முடி தரித்த மன்னரின் நேர்முகம், மறுபக்கம் விளிம்பைத் தொடும் நீண்ட சிலுவை, அதன் ஒவ்வொரு கால்பகுதியிலும் மும்மூன்று புள்ளிகள். முதலாம் எட்வர்டு 1279இல் நாணயங்களைச் சீரமைத்தபோது தொடங்கிய வகை அது. பட்டறைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை. பட்டறை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது அந்த மண்ணில் விழுந்திருக்க வேண்டும்.

கெண்ட்டிலிருந்து

மேலே எழுதியிருப்பதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் அயர்ன் பயாஸைப் பூச்சியத்தில் வைப்பது எல்லா நிலத்துக்கும் பொருந்தும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் தேடும் நிலம் முன்பு, பியருக்குச் சுவையூட்டும் ஹாப் கொடி வளர்த்த தோட்டம். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கம்பிகளின் துண்டுகளும், கொக்கிகளும், வாஷர்களும் அங்கே ஏராளம். ஹாப் பறித்தவர்களுக்குக் கணக்கு வைப்பதற்காகக் கொடுத்த ஈய வில்லைகளையும் காசுகளையும் தேடித்தான் அங்கே போகிறேன். பயாஸைப் பூச்சியத்தில் வைத்த அன்று ஒரு காலைப்பொழுதில் முப்பதுக்கு மேற்பட்ட குழிகளைத் தோண்டினேன். இரண்டைத் தவிர எல்லாமே இரும்பு, அதிலும் பெரும்பாலும் வளையங்கள்.

காரணம் பொருளின் வடிவம். சுருளின் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. ஒல்லியான ஆணியில் அந்த மின்னோட்டம் சுற்றிவர இடம் குறைவு. காந்தத்தன்மையே மேலோங்கி நிற்பதால் கருவி அதைச் சரியாக இரும்பு என்று சொல்லிவிடுகிறது. வாஷரிலும் லாடத்திலும் தட்டையான தகட்டிலும் மின்னோட்டம் தாராளமாகச் சுற்றுகிறது. ஆகவே அவை செம்பின் குரலிலும் வெள்ளியின் குரலிலும் பாடுகின்றன. இப்படி இரு முகம் காட்டும் பொருளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தீர்ப்புச் சொல்வதுதான் பயாஸின் வேலை. உயர்த்தினால் சந்தேகமான எல்லாவற்றையும் இரும்பின் பக்கம் தள்ளும். ஆணியோடு ஒட்டிக் கிடக்கும் நாணயமும் சந்தேகமானதுதான் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

எனவே வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலகையில் மூன்று துருப்பிடித்த ஆணிகளை வைத்து, நடுவே ஒரு பழைய பென்னியையும் வைத்து நான்கு திசைகளிலிருந்தும் சுருளை வீசிப் பார்த்தேன். பயாஸ் 6இல் ஒரு திசையில் மட்டும் நாணயம் கேட்டது. 2இல் மூன்று திசைகளில் கேட்டது. பூச்சியத்தில் வைத்தாலும் அந்த நான்காவது திசை வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஹாப் தோட்டத்தில் 2க்குக் கீழே போவதில்லை. உங்கள் பட்டறை மூலையில் வளையங்களைவிட ஆணிகள் அதிகம் என்று தோன்றுகிறது. அதனால்தான் பூச்சியம் உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

எசெக்ஸிலிருந்து

பலகைச் சோதனை செய்பவர்கள் எந்தப் பென்னியை வைக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நானும் அப்படிச் சோதித்து, நாணயம் எந்த அமைப்பிலும் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று ஒரு மாலை முழுவதும் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வைத்தது புதிய பென்னி. 1992 முதல் இங்கே வந்த ஒரு பென்னியும் இரண்டு பென்னியும் செம்பு பூசிய எஃகால் ஆனவை. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் நாணயத்தை இரும்புக்கு நடுவே வைத்துவிட்டு, அதை இரும்பென்று சொன்னதற்காகக் கருவியைத் திட்டுவது நியாயமில்லை. 1992க்கு முந்திய வெண்கலப் பென்னியை வைத்தபோது எல்லாம் சரியாகிவிட்டது.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை எக்ஸ்பி டியூஸ். அதில் ரிக்கவரி ஸ்பீடுக்கு இணையான ரியாக்டிவிட்டியை 3க்கு உயர்த்தி வைத்தும் பல மாதங்கள் பயனில்லாமல் இருந்தது. ஏனென்றால் நான் சுருளை அரிவாள் வீசுவதைப் போல வீசிக்கொண்டிருந்தேன். நெருங்கிக் கிடப்பவற்றைப் பிரிக்கக் கருவி தயாராக இருந்தாலும், கேட்பவரின் காது அவ்வளவு வேகத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? இப்போது ஒரு கீச்சொலி கேட்டால் சுருளை அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்குள் மட்டும் மெதுவாக அசைத்து, நானே அதைச் சுற்றி நடந்து பார்க்கிறேன். ஆணியின் நுனி எழுப்பும் பொய்க்குரல், நான் சுற்றிவரும்போது இடம் மாறிக்கொண்டே போகும். நாணயம் நின்ற இடத்தில் நிற்கும்.

அலைவெண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. வெள்ளிப் பென்னியை நான்காக வெட்டிய சிறு கால் துண்டுகளுக்காக 18 கிலோஹெர்ட்ஸில் தேடினால் தட்டையான இரும்பு இன்னும் உரக்கப் பாடும். 8க்கு இறக்கினால் இரும்பு அடங்கும், அந்தத் துண்டுகளும் சற்று அடங்கும். நீராவி எஞ்சினால் உழுத வயல்களில் கிடக்கும் கோக் நிலக்கரித் துண்டுகளுக்கு மட்டும் நான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

மீண்டும் சஃபோக்கிலிருந்து

கெண்ட் நண்பர் சொன்னதைச் சென்ற சனிக்கிழமை அதே மூலையில் செய்து பார்த்தேன். கீச்சொலி வந்த ஒவ்வோர் இடத்திலும் பயாஸை 2க்கும் பூச்சியத்துக்கும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டையும் குறித்துக்கொண்ட பிறகே தோண்டினேன். 2இல் அடங்கிப் போனவை ஏழு; அவற்றில் ஆறு வாஷர்களும் தகடுகளும். ஏழாவது, ஆணியோடு ஆணியாகக் கிடந்த மூன்றாம் ஜார்ஜ் காலத்து அரைப் பென்னி. ஆகவே ஆறு வீண் குழிகளுக்கு ஒரு காசு என்ற விலையைக் கொடுக்க இந்த மூலையில் நான் தயார். உங்கள் ஹாப் தோட்டத்தில் முப்பது குழிகளுக்கு நானும் தயாராக மாட்டேன்.

நான் இவ்வளவு விடாப்பிடியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றை வெள்ளிப் பென்னி 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வராது. அதை எங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) தொல்பொருள் பதிவு அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்துவிட்டேன். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளி நாணயம் இரண்டாவதாக ஒன்று அதனோடு சேர்ந்தது என்று சொல்லும்படி கிடைத்தால், 14 நாட்களுக்குள் முறைப்படி தெரிவித்தாக வேண்டும். ஆகவே பென்னி கிடைத்த இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை அரைகுறையாக விட எனக்கு மனமில்லை. 1992இல் இதே சஃபோக்கில், ஹாக்ஸ்னே கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிப் போன எரிக் லாவெஸ் என்பவர் ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள் அடங்கிய புதையலைக் கண்டு, தொடர்ந்து தோண்டாமல் உடனே தகவல் சொன்னார். இரும்பைத் தேடப் போனவர் என்பதால் அவர் இரும்பின் ஒலியை அடைத்து வைத்திருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

இரண்டாவது பென்னி இன்னும் கிடைக்கவில்லை. தோண்டிய இரும்பை மறுபடி குழிக்குள் போடாமல் வெளியே கொண்டுவந்துவிடுகிறேன். மூன்று வாளிகள் நிறைந்து உரிமையாளரின் கொட்டகையில் இருக்கின்றன. அந்த அளவுக்கு மூலையில் உறுமல் குறைந்திருக்கிறது. அடுத்த உழவுக்குப் பிறகு, பெரிய சுருளை மறுபடி மாட்டிக்கொண்டு அங்கே போவதாக இருக்கிறேன்.