பின்னேரம் மட்டும் ட்ரிப் ஆகிற மில் ட்ரைவ், உதவி தேவை

வணக்கம். சுன்னாகத்தில எங்கட மா அரைக்கிற மில்லில 5.5 கிலோவாட் மூன்று பேஸ் மோட்டர். அதின்ர வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டுற விஎஃப்டி ட்ரைவ் மூன்று கிழமையா பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ‘அண்டர் வோல்டேஜ்’ எண்டு காட்டி நிண்டுபோகுது. மிளகாய் அரைக்கேக்கதான் கூட. காலமையில ஒரு பிரச்சினையும் இல்லை.

மீற்றர் வைச்சுப் பார்த்தன். காலமை சும்மா நிக்கேக்க 398 வோல்ட், லோட் ஏறினா 372. பின்னேரம் 372இல தொடங்கி 345க்கு இறங்குது, மூன்று பேஸும் ஒரேயளவா. ட்ரைவுக்குள்ள இருக்கிற டிசி வோல்டேஜ் (டிசி பஸ்) 540 பக்கம் நிக்கவேண்டியது, 460க்கு வந்த உடன ட்ரிப்.

டெர்மினல் எல்லாம் இறுக்கி, உள்ளுக்க மாத்தூசி துடைச்சு, கொன்டாக்டர் மாத்தி, மோட்டர் முழு வேகத்துக்கு வர எடுக்கிற (அக்ஸிலரேஷன்) நேரத்தை 5இல இருந்து 15 செக்கனுக்குக் கூட்டியாச்சு. மச்சான்ர ட்ரைவை இரவல் வாங்கிப் போட்டும் அதே கதைதான். வித்த ஆக்கள் கொழும்பில இருந்து போனில ‘லைன் ரியாக்டர் போடுங்கோ’ எண்டினம். லைனோட தொடரா போடுற அந்தச் சுருள் இன்னும் வோல்ட்டைக் குறைக்குமெல்லோ? விக்கேக்க யாழ்ப்பாணம் வரை வந்தவை, திருத்த வவுனியா தாண்டமாட்டினம்.

இப்படி லைன் இறங்கிற இடத்தில வோல்டேஜை ஒரே அளவில வைச்சிருக்கிற 15 கேவிஏ சேர்வோ ஸ்டெபிலைசர் போட்டு ஆராவது மில் ஓட்டுறீங்களோ?